பேசாலைக் கிணறும் வன்னியின் மண்ணெண்ணெயும்

மன்னார்த் தீவின் மீன்பிடி ஊரான பேசாலையில் 1974இல் எண்ணெய் தேடிக் கிணறு துளைத்தார்கள். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் முயற்சி அது. துளையிடும் நுட்பம் சோவியத் உதவியாக வந்தது. வணிக அளவில் எதுவும் அகப்படவில்லை. 1976இல் பாக்கு நீரிணையிலும் நெடுந்தீவுப் பக்கமும், 1981இல் மன்னார் வளைகுடாவிலும் துளைத்த அமெரிக்க நிறுவனங்களும் வெறுங்கையோடுதான் திரும்பின.

ஆனாலும் தேடியது வீண் ஆசையால் அல்ல. தமிழகக் கரையின் காவிரிப் படுகை கடலுக்கு அடியால் இங்கும் நீள்கிறது. அக்கரையில் நரிமணத்தில் 1980களில் எண்ணெய் கிடைத்து, 1993இல் நாகப்பட்டினம் அருகே சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது.

அதே ஆண்டுகளில் வன்னி துளித் துளியாக எண்ணெயை எண்ணியது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் அருமருந்தானது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்: முதலில் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் போகிறவருக்குக் கண் எரியும். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்களின் சிக்கனம் தேடலின் வரலாற்றில் இடம்பெறாதது பெரிய குறை.

கெயார்ன் லங்கா என்ற நிறுவனத்துடன் மன்னார்ப் படுகையில் எண்ணெய் தேடும் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2008 ஜூலையில். அப்போது மன்னாரின் பெருநிலப்பரப்பில் போர் நகர நகர, குடும்பங்கள் உழவு இயந்திரங்களில் சாமான் ஏற்றிக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தன.

2011இல் சிக்கியூ என்ற ஜப்பானியத் துளையிடும் கப்பல் வந்தது. டொராடோ கிணற்றில் கடலின் ஆழமே 1,354 மீற்றர். அதற்குக் கீழே மணற்பாறையில் சுமார் 25 மீற்றர் தடிப்பில் எரிவாயு. அடுத்து பராகுடா கிணற்றிலும் கிடைத்தது. இலங்கைக் கடலில் முதல் கண்டுபிடிப்பு டொராடோதான். ஆனால் ஆழ்கடலில் குழாய் போட்டுக் கரைக்குக் கொண்டுவரும் செலவு பெரிது; சந்தையோ சிறிது. 2015இல் கெயார்ன் விலகியது. உற்பத்தி தொடங்கவேயில்லை.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களை நம்பியிருந்த முல்லைத்தீவு மீனவர்களுக்கும், நீரிறைக்கும் இயந்திரம் வைத்திருந்த தோட்டக்காரருக்கும் அது நேரடி அடி. மன்னார் எரிவாயுவுக்கு அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்போது, அந்த வருமானத்தில் இவர்களின் எரிபொருளுக்கு ஒரு பங்கை முன்கூட்டியே எழுத்தில் ஒதுக்க வேண்டும். எரிவாயு கரை சேர்ந்த பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.