பாடினவர்களின் பெயர்ப்பட்டியல்

தமிழ்த்தினப் போட்டிக் காலத்தில் எங்கட பக்கத்துப் பாடசாலைகளில் மணி அடித்த பிறகும் ஒரு வகுப்பறையில் பாட்டுச் சத்தம் கேட்கும். அது குழு இசைப் பயிற்சி. கோட்டம், வலயம், மாகாணம் என்று படியேறிப் போகிற அந்தக் குழு, ஏ.எல். சோதனை முடிய இல்லாமல் போய்விடும். அடுத்த வருசம் ரீச்சர் திரும்பவும் 'ச ப ச'வில் இருந்து தொடங்குவார். போன முறை யார் பாடினது, போக்குவரத்துக்கு யார் காசு தந்தது, ஆர்மோனியத்தைக் கடைசியாக எப்போது திருத்தினது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பாட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கென்றே ஒரு பழைய மாணவர் சங்கம் வைத்தால் என்ன என்று விசுவமடுவில் ஒரு பின்னேரம் நாங்கள் கதைத்தோம். "விளையாட்டுக்கே காசில்லை, பாட்டுக்குச் சங்கமோ?" என்று ஒருத்தன் சிரித்தான். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டும் காசும் கல்லூரியும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பழைய கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு எங்கட ஊருக்குத் திரும்புகிறோம்.

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த கையோடு, 1866இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் கறுப்பின மக்களுக்காகப் பிஸ்க் என்ற கல்விக்கூடம் தொடங்கியது. போர்க்காலத்து இராணுவ மருத்துவமனைக் கொட்டில்கள்தான் வகுப்பறை. ஐந்து வருசத்தில் கடன் கழுத்தை நெரித்தது. அங்கே பொருளாளராக இருந்த ஜோர்ஜ் வைற் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். அவர் ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 1871 ஒக்டோபர் 6ஆம் திகதி வெளிக்கிட்டார். ஊர் ஊராகப் பாடிக் காசு சேர்ப்பதுதான் திட்டம். அவர்களில் பெரும்பாலானவர்கள் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

தொடக்கத்தில் பட்டினிதான். அப்படியிருந்தும், சிக்காகோ நகரம் தீயில் எரிந்த செய்தி வந்ததும், கையில் இருந்த சொற்பக் காசை அங்கே பாதிக்கப்பட்ட ஆக்களுக்குக் கொடுத்தார்கள். தங்கட தாய்தகப்பன் அடிமைகளாக இருந்தபோது பாடின பாட்டுகளை வெள்ளைக்காரர் முன்னால் பாட முதலில் தயங்கினார்கள். அந்தப் பாட்டுகள்தான் கடைசியில் சனத்தைப் பிடித்தன. ஜூபிலி பாடகர்கள் என்ற பெயரும் வழியில்தான் வந்தது. ஐம்பது வருசத்துக்கு ஒருக்கால் அடிமைகளை விடுவிக்க வேணும் என்று பைபிளில் வரும் ஆண்டின் பெயர் அது. 1873இல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி முன்னும் பாடினார்கள். ஏழு வருசத்தில் ஏறக்குறைய 1,50,000 டொலர் சேர்ந்தது. கடன் அடைந்தது, 1876இல் ஜூபிலி மண்டபம் எழும்பியது.

கட்டடத்தைப் பார்த்தால் வெற்றிக் கதை. பாடினவர்கள் பக்கம் நின்று பார்த்தால் வேறு. படிக்க வந்த பிள்ளைகள் படிப்பை விட்டிட்டு வருசக்கணக்காக அலைந்தார்கள். பல ஊர்களில் நிறத்தைப் பார்த்துத் தங்க இடம் கொடுக்க மறுத்தார்கள். உடல்நலம் கெட்டுப் பலர் விலகினார்கள். முதல் குழுவில் இருந்த பெஞ்சமின் ஹோம்ஸ் 1875இல் காசநோயால் இறந்தார். 1878இல் ஜேர்மனியில் வைத்துக் குழு கலைந்தது. பிறகு பிரெடெரிக் லவுடின் என்ற பாடகர் தானே ஒரு குழுவை நடத்தி, 1880களில் அவுஸ்திரேலியா, இந்தியா, யப்பான் என்று சுற்றினார். அது கல்லூரியின் குழுவாக இல்லை, பாடினவர்கள் தாங்களே நடத்தின குழு.

எங்களைப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு ஒக்டோபர் 6ஆம் திகதியும் பிஸ்கில் ஜூபிலி நாள். மாணவர்கள் பாடி, முதல் பாடகர்களின் கல்லறைக்குப் போய் வருவார்கள். அந்தப் பழைய குழுவின் மிகப் பெரிய ஓவியம் ஒன்றும் அங்கே இருக்கிறது. காசு கட்டடமாகப் போனாலும் பெயர்கள் போகவில்லை. 150 வருசம் கழித்தும் அங்கே ஒரு குழு பாடுகிறதென்றால், பெயர்களை விடாமல் வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இனி விசுவமடு. யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கின வட்டுக்கோட்டைச் செமினரி போன்ற பழைய வேர் எங்களிடம் இல்லை. படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் காடு வெட்டி மிளகாய் வைக்க வந்த குடும்பங்களும், கலவரங்களுக்குப் பயந்து மலையகத்தில் இருந்து வந்த குடும்பங்களும் சேர்ந்த ஊர்ப்பக்கம் இது. பழைய மாணவர் என்று சொல்ல ஒரு தலைமுறை உருவாகி வந்த நேரத்தில் 2009 தை மாதம் வந்தது. சனம் உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்று நகர்ந்து, கடைசியில் பலர் மெனிக் பாம் முகாமுக்குப் போனார்கள். இடம்பெயரும்போது அரிசிச் சாக்கைத் தூக்கலாம், குழந்தையைத் தூக்கலாம். குழு இசையில் இரண்டாம் இடம் வந்த படத்தை யார் தூக்குவது?

அதனால் எங்கட சங்கத்தின் முதல் வேலை காசு சேர்ப்பது இல்லை, பெயர் சேர்ப்பது. யார் எந்த வருசம் பாடினது, சொல்லித்தந்தது யார், மிருதங்கம் வாசித்தது யார், இப்போது எங்கே இருக்கிறார்கள். உயிரோடு இல்லாதவர்களின் பெயரும் அதில் வேணும். ரீச்சர்மாரைத் தேடிப்போய்க் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினாலே தொடங்கிவிடலாம்.

காசு இரண்டாவது. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் மொத்தமாகத் தந்தால் ஒரு விழா நடக்கும், அவரின் பெயர் பனரில் வரும், அதோடு முடிந்துவிடும். 40 பேர் மாதம் 500 ரூபா போட்டால் வருசத்துக்கு 2,40,000 ரூபா. வலயப் போட்டிக்கு வான் பிடிக்கவும், மிருதங்கத்துக்குத் தோல் மாற்றவும், ஆர்மோனியம் திருத்தவும் அது உதவும். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்து வைக்க வேணும். கணக்கை வருசத்துக்கு ஒருக்கால் எல்லாரும் பார்க்கும்படி வாசிக்க வேணும். வேலையில்லாதவர் காசு போடாவிட்டாலும் உறுப்பினர்தான், ஏனென்றால் அவரும் பாடினவர்.

இன்னுமொன்று. மண்டபம் கட்ட, விருந்தாளிக்கு வரவேற்புச் செய்ய என்று பிள்ளைகளைப் பாடவைத்துக் காசு எடுப்பதில்லை என்று யாப்பிலேயே எழுத வேணும். பிஸ்கின் ஒன்பது பேரும் கல்லூரியைத் தோளில் தூக்கினார்கள். எங்கட பிள்ளைகளைப் பழைய ஆக்கள் நாங்கள் தூக்க வேணும்.

அந்தப் பின்னேரம் சிரித்தவனிடமே கொப்பியைக் கொடுத்தோம். அவனும் ஒரு காலத்தில் குழுவில் பாடினவன்தான். முதலில் தன்ர பெயரை எழுதினான். பிறகு பக்கத்தில் நின்று பாடின ஆறு பேரின் பெயர்களை எழுதினான். ஏழாவது ஆளின் முகம் ஞாபகம் இருக்கிறது, பெயர் வரவில்லை என்றான். அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.