காலுக்கும் ஒரு கலை

கைக்குத்தான் நம்மிடம் எத்தனை மதிப்பு! கைராசி என்கிறோம், கைப்பக்குவம் என்கிறோம், கைதேர்ந்தவன் என்று புகழ்கிறோம். காலுக்கு வாய்த்ததோ, "நீ அவன் கால்தூசு பெறமாட்டாய்" என்ற ஏச்சு. தறி மிதிக்கிற நெசவாளியையும் தையல் மிஷின் மிதிக்கிற தையற்காரரையும் கண்ணால் பார்த்துக்கொண்டே இப்படிப் பேசி வந்தவர்களில் நானும் ஒருவன். எனக்குப் புத்தி வந்தது ஒரு வெல்டிங் பட்டறையில்.

வீட்டில் அலுமினிய நாற்காலி ஒன்றின் கால் விட்டுப்போயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மேஸ்திரி ஓர் இளைஞனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பையனின் ஒரு கையில் டார்ச். மறு கையில் மெல்லிய அலுமினியக் கம்பி. காலடியில் ஒரு பெடல். அவன் பெடலை ஒரே மிதியாக மிதித்தான். தகட்டில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

"குதிகாலைத் தரையிலே ஊணு, தம்பி. கணுக்கால் மட்டுந்தான் அசையணும்" என்றார் மேஸ்திரி, சலித்துக்கொள்ளாமல்.

டிக் வெல்டிங் என்கிற இந்த வித்தை பிறந்தது ஒரு யுத்த காலத்தில். இரண்டாம் உலகப் போரின்போது, கலிபோர்னியாவில் ஹாதார்ன் என்ற ஊரிலிருந்த நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில், வாலில்லாத ஒரு போர் விமானத்தை மக்னீசியத்தால் கட்ட முனைந்தார்கள். மக்னீசியத்தின் எடை அலுமினியத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் பொல்லாத உலோகம்! அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் பளிச்சென்று எரியவிட்ட பொடியில் இருந்தது அதுதான். உருகும் நிலையில் காற்றுப் பட்டால் தீப்பற்றிக்கொள்ளும். அதை எப்படி உருக்கி ஒட்டவைப்பது?

ரஸ்ஸல் மெரிடித் என்பவர் வழி கண்டார். மின்சார பல்பின் இழைக்குப் பயன்படும் டங்ஸ்டன், 3,400 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டித்தான் உருகும். அந்த டங்ஸ்டன் முனையிலிருந்து மின்சுடரை எழுப்பி, அதைச் சுற்றி ஹீலியம் வாயுவைப் போர்வையாகப் பாய்ச்சினார். காற்று உள்ளே நுழைய முடியவில்லை. உலோகம் எரியாமல் உருகிற்று. 1942 பிப்ரவரி 24 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஹீலியத்தின் இடத்தைப் பிறகு பெரும்பாலும் ஆர்கான் பிடித்துக்கொண்டது. ஆர்கான் என்றால் கிரேக்க மொழியில் சோம்பேறி என்று பொருள். எதனோடும் கூடாமல் சும்மா இருப்பதே அதன் குணம். சும்மா இருப்பவராலும் உலகத்துக்கு உபகாரம் உண்டு!

அந்த விமானம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எக்ஸ்.பி.56 என்ற பெயரோடு 1943 செப்டம்பரில் அது பறந்தது. அடுத்த மாதமே தரையில் ஓடுகையில் டயர் வெடித்து நொறுங்கிற்று. இரண்டாவதாகக் கட்டிய விமானம் 1944-இல் சில தடவைகள் பறந்தது. பிறகு அதையும் ஒதுக்கிவிட்டார்கள். மூன்றாவது பிறக்கவே இல்லை. விமானத்துக்காக வெல்டிங்கைக் கண்டுபிடித்தார்கள். விமானம் போயிற்று, வெல்டிங் நிலைத்துவிட்டது.

காலுக்கு அங்கே என்ன வேலை? இரண்டு கைகளுக்கும் ஓய்வில்லை. ஆகவே மின்சாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் காலின் பொறுப்பாயிற்று. உச்ச அளவை இயந்திரத்தில் வைத்துவிட்டால், அதற்குள் எவ்வளவு வேண்டும் என்பதைப் பெடல் தீர்மானிக்கிறது. அலுமினியம் சூட்டைச் சட்டென்று நாலாபக்கமும் கடத்திவிடும். அதனால் தொடக்கத்தில் நன்றாக மிதிக்க வேண்டும். போகப்போகத் தகடு முழுவதும் சூடேறிவிடும். அப்போது காலைத் தளர்த்தியாக வேண்டும். இரும்பைப் போல அது சிவந்து எச்சரிக்கை செய்வதும் இல்லை. உருகிப் பளபளக்கும் சின்னஞ்சிறு குளத்தைக் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துக் கண் சொல்ல, கால் கேட்க வேண்டும்.

முடிவுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வேலை முடிந்ததென்று காலை வெடுக்கென எடுத்தால், கடைசிப் புள்ளியில் குழி விழுந்து, ஆறும்போது விரிசல் கண்டுவிடும். காலை மெல்ல மெல்லத் தளர்த்தி, ஒரு சொட்டுக் கம்பியை ஊட்டிக் குழியை நிரப்பி, சுடர் அணைந்த பின்னும் டார்ச்சை அங்கேயே பிடித்திருக்க வேண்டும். உலோகம் ஆறுகிற வரையில் வாயு அதைக் காக்கும்.

பழைய தகடு ஒன்றில் நானும் மிதித்துப் பார்த்தேன். "சார், லாரி ஓட்டுற மாதிரி மிதிக்கிறீங்களே!" என்றார் மேஸ்திரி. பையன் சிரித்தான், உடனே அடக்கிக்கொண்டான்.

பிறகு என் நாற்காலிக் காலை அவனிடமே கொடுத்தார். வாடிக்கைக்காரர் பொருளில் அவன் கைவைப்பது அதுதான் முதல் தடவையாம். எனக்கு உள்ளூரப் பயம். அவனுக்கு என்னைவிட அதிகம். முகமூடியை இறக்கிக்கொண்டான். நான் சுடரைப் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தேன். உரக்கக் கேட்ட ரீங்காரம் சிறிது சிறிதாகத் தேய்ந்து அடங்கிற்று. வெடுக்கென்று நிற்கவில்லை.

மேஸ்திரி இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலையை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.