காலடியில் விண்மீன்கள்

உலகின் பெருநகரங்களில் நினைவுச் சின்னங்களைக் காணச் செல்வோர் அண்ணாந்து பார்ப்பதே வழக்கம். கோபுரமாயினும் சிலையாயினும் வெற்றி வளைவாயினும் அவை மனிதனின் தலைக்கு மேலே உயர்ந்து நிற்பன. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரின் ஹாலிவுட் பெருஞ்சாலையில் மட்டும் இவ்வழக்கம் தலைகீழாகிவிடுகின்றது. அங்கு வருவோர் குனிந்த தலையுடன் நடக்கின்றனர். சில அடிகளுக்கு ஒருமுறை நிற்கின்றனர். தரையிற் பதித்த பெயரைப் படிக்கின்றனர். அறிந்த பெயராயின் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொள்கின்றனர். அறியாத பெயராயின் அதை மிதித்துக் கடந்து செல்கின்றனர்.

'புகழ் நடைபாதை' என்று பெயர் பெற்ற அந்த இடம், ஹாலிவுட் பெருஞ்சாலையின் இரு மருங்கிலும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கும், அதனைக் குறுக்கிடும் வைன் தெருவில் சிறிது தொலைவுக்கும் நீண்டு கிடக்கின்றது. கரிய தரையில் பவள நிறத்து ஐந்துமுனை விண்மீன்கள். அவற்றைச் சுற்றிப் பித்தளை விளிம்பு. நடுவே பித்தளை எழுத்தில் ஒரு பெயர். அதன்கீழ் ஒரு சின்னம். திரைப்படக் கலைஞருக்குப் படக்கருவி, தொலைக்காட்சியாளருக்குத் தொலைக்காட்சிப் பெட்டி, இசைஞருக்கு இசைத்தட்டு, வானொலியாளருக்கு ஒலிவாங்கி எனத் தொடக்கத்தில் நான்கு சின்னங்களே இருந்தன. மேடைக் கலைஞர்க்குரிய முகமூடிகள் 1984இல் சேர்க்கப்பட்டன. விளையாட்டுத் துறைக்கெனப் பின்னர் ஒன்று சேர்ந்தது. தரையோ டெராசோ என்னும் கல்தரை. சலவைக்கல் துகள்களைச் சிமெந்துக் கலவையில் இட்டு, இறுகியபின் தேய்த்து மெருகேற்றுவது அதன் முறை. மலேசிய, சிங்கப்பூர்ப் பழைய வீடுகளிலும் பள்ளிக்கூடத் தாழ்வாரங்களிலும் நடந்து பழகியவர்க்கு அது புதியதன்று. இத்தகைய விண்மீன்கள் 2,700க்கும் மேற்பட்டவை இன்று அங்குள்ளன.

இத்தனை பெயர்களையும் தரையில் எழுதத் தூண்டியது யாது? கலைஞர்பால் கொண்ட நன்றியுணர்வு என்று விடை கூறுதல் எளிது. வரலாறு கூறும் விடை சற்று வேறானது.

ஹாலிவுட் என்னும் ஊரே திரைப்படத்திற்காகப் பிறந்ததன்று. ஹார்வி வில்காக்ஸ் என்பார் 1887இல் நிலத்தை மனைகளாகப் பிரித்து அப்பெயரால் பதிவு செய்தபோது, மதுவிலக்கை விரும்பும் நல்லொழுக்கக் குடும்பங்கள் வாழும் சிற்றூர் ஒன்றையே அவர் மனத்திற்கொண்டிருந்தார். 1903இல் அது தனி நகராயிற்று. 1910இல் தண்ணீர்த் தேவையை முன்னிட்டு லாஸ் ஏஞ்சலிசுடன் இணைந்தது. அடுத்த ஆண்டில் முதற் படப்பிடிப்பு நிலையம் அங்கு வந்து சேர்ந்தது. பின்வந்த நாற்பது ஆண்டுகளில் அவ்வூரின் பெயர் ஒரு தொழிலின் பெயராகவே மாறிற்று. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. பெரும்படக் கழகங்கள் திரையரங்குகளையும் தம் உடைமையாக வைத்திருத்தல் முறையன்று என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்தது. திரையரங்குக் கூட்டம் குறைந்தது. ஹாலிவுட் பெருஞ்சாலையின் கடைத்தெருவும் ஒளியிழக்கலாயிற்று.

இந்நிலையில்தான் 1953இல் ஹாலிவுட் வணிகர் கழகத்தின் தலைவராயிருந்த ஈ. எம். ஸ்டுவர்ட் இத்திட்டத்தை முன்மொழிந்தார். ஊரின் பெருமையை நிலைநிறுத்துவதே அதன் நோக்கம் என்றார். அவ்வூரில் முன்பு இருந்த ஹாலிவுட் ஓட்டலின் உணவுக் கூடத்தில், புகழ்பெற்றோர் வழக்கமாக அமரும் மேசைகளுக்கு மேலே கூரையில் விண்மீன்கள் தீட்டப்பட்டிருந்தன என்றும், அவையே இத்திட்டத்திற்கு வித்தாயின என்றும் ஒரு செய்தி உண்டு. அது மெய்யாயின், கூரையிலிருந்த விண்மீன்களைத் தரைக்கு இறக்கியவர் வணிகர்களே எனலாம். முதலில் கலைஞர்களின் கேலிச்சித்திர முகங்களைப் பதிக்கவே எண்ணியிருந்தனர். அது கடினமெனக் கண்டு விண்மீனும் பெயரும் போதுமென முடிவு செய்தனர்.

இதே சாலையிலுள்ள சீனத் திரையரங்கின் முற்றத்தில் 1927 முதற்கொண்டே நடிக நடிகையர் ஈரச் சிமெந்தில் கையும் காலும் பதித்து வந்தனர். மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பாங்சும் அதனைத் தொடங்கிவைத்தவர்கள். அங்கே கலைஞரின் உடலே கையொப்பமிடுகின்றது. நடைபாதையிலோ குழுவொன்று கூடித் தேர்ந்த பெயரே எழுதப்படுகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமல் நடைபாதையின் கதையை விளங்கிக்கொள்ள இயலாது.

1958 ஆகஸ்டில் ஹைலண்ட் சாலை முனையில் மாதிரிக்காக எட்டு விண்மீன்கள் பதிக்கப்பட்டன. ஜோஆன் உட்வர்ட், பர்ட் லங்காஸ்டர், ரொனால்ட் கோல்மன் முதலியோர் பெயர்கள் அவற்றில் இருந்தன. முதல் விண்மீன் ஜோஆன் உட்வர்டுக்கே உரியது என்று பல வழிகாட்டி நூல்கள் எழுதிவருகின்றன. எட்டும் ஒருங்கே பதிக்கப்பட்டவை என்பதே உண்மை. நிலையான பணி தொடங்கிய 1960இல் முதலில் முடிக்கப்பட்டது இயக்குநர் ஸ்டான்லி கிரேமரின் விண்மீன். அடுத்த ஆண்டிற்குள் 1,558 பெயர்கள் பதிக்கப்பட்டுவிட்டன. செசில் பி. டிமில், சாமுவேல் கோல்ட்வின், வால்ட் டிஸ்னி போன்றோர் இடம்பெற்ற குழுக்களே பெயர்களைத் தேர்ந்தன. செலவுக்கான 12 இலட்சத்து 50 ஆயிரம் டாலரைச் சாலையோர நில உரிமையாளர்மீது வரியாக விதித்தனர். அவர்கள் வழக்குத் தொடுத்தனர். வரி செல்லும் என்றே தீர்ப்பாயிற்று.

ஆனால் வேறொரு வழக்கே இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி. அதைத் தொடுத்தவர் சார்லி சாப்ளினின் மகன். ஆயிரத்தைந்நூறு பெயர்கள் எழுதப்பட்ட அப்பாதையில் சாப்ளினின் பெயர் இல்லை!

ஊமைப்படக் காலத்தில் உலகமெங்கும் மொழியின் துணையின்றிப் பேசிய ஒரே கலைஞர் என்று சாப்ளினைச் சொல்வது மிகையாகாது. 1932இல் கீழ்த்திசைப் பயணத்தின்போது அவர் சிங்கப்பூருக்கும் வந்து சென்றார். அத்தகையவர் பெயர் முதலில் பட்டியலில் இருந்தது. பலதிசை நெருக்குதலால் நீக்கப்பட்டது. காரணம் அரசியல். 1947 முதல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்று திரையுலகில் பொதுவுடைமையாளரைத் தேடிக்கொண்டிருந்தது. பலர் சிறை சென்றனர். அவரினும் பலர் வேலையிழந்தனர். சாப்ளின் 1952இல் 'லைம்லைட்' படத்தின் வெளியீட்டிற்காகக் கப்பலில் இலண்டன் செல்லும் வழியில், அவர் மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழையும் அனுமதியை அரசு திரும்பப் பெற்றது. அவர் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். நாடு நுழையவிடாதவரை நடைபாதையில் பதிக்க வணிகர் கழகம் துணியவில்லை. மகன் தொடுத்த வழக்கும் 1960இல் தள்ளுபடியாயிற்று.

இதிலொரு முரணையும் கருதுதல் தகும். நிலையான பணியில் முதல் விண்மீனைப் பெற்ற கிரேமரின் 'தி டிஃபயண்ட் ஒன்ஸ்' படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஆனால் அதை எழுதிய இருவருள் ஒருவர் தடைப்பட்டியலில் இருந்தமையால் பரிசு அவரது புனைபெயருக்கே சென்றது. 1960ஆம் ஆண்டிலோ, சிறை சென்று மீண்ட எழுத்தாளர் டால்டன் டிரம்போவின் உண்மைப் பெயர் 'ஸ்பார்ட்டகஸ்', 'எக்ஸோடஸ்' ஆகிய படங்களில் மீண்டும் திரையில் தோன்றியது. திரை துணிந்ததைத் தரை துணிய மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1972இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் சிறப்புப் பரிசளிக்க சாப்ளினை அழைத்தது. இருபதாண்டுகளுக்குப் பின் அவர் அமெரிக்க மண்ணில் கால் வைத்தார். அவ்வாண்டுதான் அவரது விண்மீனும் பதிக்கப்பட்டது. அப்போது அவர் எண்பது அகவையைக் கடந்திருந்தார்.

பாடகரும் நடிகருமான பால் ராப்சன் நிலை இதனினும் துயரமானது. கறுப்பின மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்த அவரது கடவுச்சீட்டை அரசு 1950இல் பறித்து, எட்டாண்டுகள் நாட்டைவிட்டு வெளியேறவொட்டாமல் வைத்திருந்தது. 1976இல் அவர் மறைந்தார். மறைந்தபின்னும் அவர் பெயரைத் தேர்வுக் குழு 1978இல் மறுத்தது. கண்டனம் எழுந்தபின் 1979இல் விண்மீன் கிட்டியது. காண அவர் இல்லை.

இடம் மறுக்கப்பட்டோர் ஒருபுறமிருக்க, இடம் கிடைத்தும் வாய்ப்பு மறுக்கப்பட்டோரும் இப்பாதையில் உள்ளனர். சீன அமெரிக்க நடிகை அன்னா மே வோங்கின் விண்மீன் 1960இலேயே பதிக்கப்பட்டது. ஆயினும் சீனக் குடியானவர் வாழ்வைச் சித்திரித்த 'தி குட் எர்த்' படத்தின் தலைவி வேடம் 1937இல் வெள்ளை இன நடிகைக்கே போயிற்று. ஹாலிவுட் பெருஞ்சாலையின் மற்றோர் இடத்தில் 'சாபு' என்னும் சிறு பெயர் காணப்படுகின்றது. 1924இல் மைசூர் நாட்டில் யானைப்பாகன் ஒருவரின் மகனாகப் பிறந்து, அரண்மனை யானைக் கொட்டிலில் வளர்ந்த அச்சிறுவனை ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் படக்குழு கண்டெடுத்தது. 1937இல் வெளிவந்த 'எலிபண்ட் பாய்' அவனை உலகறியச் செய்தது. பின்னர் 'பாக்தாத் திருடன்', 'ஜங்கிள் புக்' ஆகிய படங்களில் நடித்தார். 1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, போர் விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பணியாற்றினார். போருக்குப்பின் அவருக்கு வாய்த்தவை பெரும்பாலும் காடும் மாயமும் கலந்த சிறு படங்களே. யானையின் முதுகிலிருந்து அவரை இறக்கிப் பார்க்கும் கற்பனை அந்நாளைய திரையுலகிற்கு இல்லை. 1963இல், முப்பத்தொன்பதாம் அகவையில் மாரடைப்பால் மறைந்தார். இந்திய மண்ணில் பிறந்த இசை நடத்துநர் சுபின் மேத்தா விண்மீன் பெற்றது 2011இல். ஈப்போவில் பிறந்த மிச்சல் இயோவின் பெயர் 2023இல் அறிவிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்றது. நடிகை தீபிகா படுகோன் பெயர் 2025இல் அறிவிக்கப்பட்டது.

இனிப் பணத்தைப் பற்றியும் சிறிது. 1980 முதல் தேர்வு பெற்றோர் சார்பில் கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என விதி செய்தனர். தொடக்கத்தில் 2,500 டாலர். 2020க்குள் அது 50,000 டாலரை எட்டி, மேலும் ஏறியது. விண்மீன் செய்து பதிப்பதற்கும் பாதையைப் பேணுவதற்கும் இப்பணம் செலவாகின்றது என்பர். பெரும்பாலும் படக்கழகங்களே இதைச் செலுத்துகின்றன. ஆதலின் புதுப்படம் வெளிவரும் வேளையும் விண்மீன் திறப்பு வேளையும் ஒன்றாய் அமைவதில் வியப்பில்லை. விழாவுக்கு நேரில் வர இசைவதும் ஒரு நிபந்தனை. புகழ் என்பது தானே வந்தடைவது என்று நம்புவோர்க்கு இச்செய்தி கசக்கும். எனினும் இதை மறைத்து வைப்பதில்லை என்ற அளவில் வணிகர் கழகத்தைப் பாராட்டலாம்.

எழுத்தின்மேல் கால் படுவதைப் பொறாத மரபில் வந்தோர்க்கு இவ்வேற்பாடு முழுவதுமே சற்று உறுத்தும். அவ்வுறுத்தல் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலிக்கும் இருந்தது. நபிகள் நாயகத்தின் பெயரைத் தாம் தாங்கியிருப்பதால், அது மக்களின் காலடியில் மிதிபடுதல் கூடாது என்றார் அவர். ஆகவே 2002இல் அவரது விண்மீன், இப்போது டால்பி அரங்கம் எனப்படும் கட்டடத்தின் சுவரில் பதிக்கப்பட்டது. அத்தனை விண்மீன்களிலும் நிமிர்ந்து நிற்பது அஃதொன்றே. வடிவத்தால் வேறுபட்டவையும் உண்டு. ஹாலிவுட்டும் வைனும் சந்திக்கும் நான்கு முனைகளிலும், 1969இல் அப்பல்லோ 11இல் சென்ற ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகியோரின் பெயர்கள் விண்மீனுக்குப் பதில் வட்ட நிலாக்களில் பொறிக்கப்பட்டுள்ளன. விண்வெளி சென்றோரைத் தொலைக்காட்சிக் கலைஞராகக் கணக்கிட்ட நகைச்சுவை அங்கே தரையில் கிடக்கின்றது.

1978இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகராட்சி இப்பாதையை வரலாற்றுப் பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தது. அதன்பின் ஒரு முறை பதித்த பெயரை எக்காரணம் பற்றியும் அகற்றுவதில்லை என்பது கழகத்தின் நிலைப்பாடாயிற்று. நடிகர் பில் காஸ்பி 2018இல் நீதிமன்றத்தில் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றபோது அவர் விண்மீனைப் பெயர்த்தெடுக்கக் கோரியோர்க்கும் இதுவே விடையாயிற்று. பின்னர் அத்தீர்ப்பை மேல்நீதிமன்றம் நீக்கியது வேறு செய்தி. சாப்ளின் காலத்தில் நெருக்குதலுக்கு வளைந்த கழகம் பிற்காலத்தில் வளைய மறுத்தது கருதத்தக்கது. ஆனால் கழகம் அகற்றாததைத் திருடர் அகற்றியதுண்டு. நடிகர் கிரிகரி பெக்கின் விண்மீனை 2005இல் யாரோ இயந்திரவாளால் அறுத்தெடுத்துச் சென்றுவிட்டனர். அவ்விடத்தில் புதிதொன்று பதிக்கப்பட்டது.

புகழ்பெற்றோர் மறையும்போது அவரவர் விண்மீன்மேல் மலர் வைப்பது அங்கு வழக்கம். 2009 ஜூனில் பாடகர் மைக்கேல் ஜாக்சன் மறைந்தபோது, திரைப்பட விழா ஒன்றின் ஏற்பாடுகளால் அவரது விண்மீன் மூடிக் கிடந்தது. அன்பர்கள் தேடி அலைந்து, வைன் தெருவில் 'மைக்கேல் ஜாக்சன்' என்றிருந்த மற்றொரு விண்மீனைக் கண்டு அங்கே மலர்களைக் குவித்தனர். அது அதே பெயருடைய வானொலி அறிவிப்பாளர் ஒருவருக்கு உரியது; அவர் அப்போது உயிருடன் இருந்தார்.

ஹாரிசன் ஃபோர்டு என்னும் பெயரும் அங்கு இருமுறை வருகின்றது. ஒன்று, பழைய ஹாலிவுட் ஓட்டல் நின்ற இடத்தில் எழுந்த புதிய அரங்கின் முன் 2003இல் பதிக்கப்பட்டது; அதனுரிமையாளரை உலகறியும். மற்றொன்று, ஊமைப்படக் காலத்தில் கதைத்தலைவனாய் நடித்து, பேசும்படம் வந்தபின் திரையைவிட்டு விலகி, 1957இல் மறைந்த வேறொரு நடிகருடையது. தம் பெயர் தரையில் எழுதப்பட்டதை அவர் அறியார். பயணிகள் பலர் அவ்விண்மீனருகே மகிழ்ச்சியுடன் மண்டியிட்டு, மற்றவரை எண்ணியவாறே படம் எடுத்துச் செல்கின்றனர்.