அனுமந்தை வீட்டுச் சுவரில் ஒரு படம்

அனுமந்தையில் எங்கள் பெரியம்மா வீட்டுச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. ஓரமெல்லாம் செல்லரித்துவிட்டது. 1950களின் தொடக்கத்தில், உப்பளத்துக் கூலிக் கணக்கு தீர்ந்த கையோடு புதுச்சேரிக்குப் போய் ஸ்டுடியோவில் எடுத்தார்களாம். நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் ஆயா, தரையில் இரண்டு பிள்ளைகள். அதில் சின்னவள்தான் பெரியம்மா. பின்னால் இன்னொரு பெண் நிற்கிறார்.

தாத்தா காலில் செருப்பு. "அது ஸ்டுடியோக்காரன் செருப்புடா" என்று பெரியம்மா சிரிப்பார். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த மனிதர், படத்தில் காலில் போட்டுக்கொண்டார். ஆயா கைகளை முந்தானைக்குள் வைத்திருக்கிறார். உப்புத்தண்ணீரில் வெடித்த கைகள்.

தோழர்களே, கேமரா நம்மிடம் இதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. 1885இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், மக்களை நிறுத்தி மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் கருவி வைத்து அளந்தார். படமும் எடுத்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. அந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர் இருக்கும். நிற்பவரின் பெயர் இருக்காது.

அதே காலத்தில்தான் நம்மவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே அச்சில் ஏற்றினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன சீனிவாசன், 1939இல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியிட்டார். அந்தக் குடும்பத்தைப் பற்றி இன்று நாம் பேச முடிவதற்கு அந்த எழுத்தும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டில் எழுத யாருக்கும் தெரியாது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மரக்காணம் அளங்களில் மழை விட்டதும் பாத்தி கட்டி, வெயிலில் கண் கூச உப்பு வாரி, தலையில் சுமந்து கரையேற்றியவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. 1947இல் உப்பு வரி போனது. தாத்தாவின் தலைச்சுமை அப்படியேதான் இருந்தது.

சரி, பின்னால் நிற்கும் அந்தப் பெண் யார்? பெரியம்மாவுக்கு அப்போது மூன்று வயது. அத்தை என்கிறார். சித்தப்பா இல்லை என்கிறார். அளத்தில் ஆயாவோடு ஜோடி சேர்ந்து சுமந்தவராம், சொந்தமே கிடையாதாம். இதற்காக ஒரு மத்தியானம் முழுக்க இருவருக்கும் சண்டை.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, அட்டையின் பின்னால் பென்சிலால் நான்கு பெயர்களை எழுதினோம். ஐந்தாவது எண்ணுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறோம். கூனிமேட்டில் அந்தக் காலத்தில் அளத்துக்குப் போன ஆயா ஒருவர் இன்னும் இருக்கிறார், கண் தெரியாது, ஆனால் ஆளைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார் என்கிறார் பெரியம்மா. வருகிற ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.