மீன்செதில் தோல்நோய்: விற்றமின் சிகிச்சையின் வரலாறு

பிறப்பிலிருந்தோ குழந்தைப் பருவத்திலிருந்தோ தோல் தடித்து, காய்ந்து, செதில் செதிலாக உரியும் பரம்பரை நோய்களின் தொகுதி மீன்செதில் தோல்நோய், மருத்துவத்தில் இக்தியோசிஸ். கடும் வகைகளில் குழந்தை மினுங்கும் சவ்வொன்றால் மூடப்பட்டே பிறப்பதுண்டு. இக்கடும் வகைகள் அரியவை. எந்த வகையும் தொற்றாது. கடும் வகைகளில் பெரும்பாலானவை, பழுதான மரபணுவின் ஒரு பிரதி தாயிடமிருந்தும் இன்னொன்று தந்தையிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். பெற்றோரின் உடலில் எந்த அறிகுறியும் இராது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் தாய்வழிக் குடிமுறையும் மச்சான்-மச்சாள் கலியாணமும் நெடுங்கால வழக்கம். அண்ணன் தங்கை பிள்ளைகளுக்கிடையே மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவானது. ஆகவே மறைந்துகிடக்கும் பழுது இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது. கணவன் மனைவி இருவருமே ஒரே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு பேறிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆயினும் இத்தகைய தம்பதிகளில் மிகப் பெரும்பாலோருக்கு நலமான பிள்ளைகளே பிறக்கின்றன. செதில் தோலோடு பிறந்த பிள்ளைக்காகத் தாயைக் குறை சொல்வது அறியாமை மட்டுமல்ல, கொடுமையும்கூட.

விற்றமினையும் தோலையும் இணைத்த ஆய்வில் இலங்கைக்கு முக்கிய இடமுண்டு. கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கொல்ஸ், மயிர்க்கால்கள் முள்முள்ளாகத் தடித்த ஒரு தோல்நிலையை 1933இல் விபரித்து ஃபிரினோடெர்மா என்று பெயரிட்டார். விற்றமின் குறைவே காரணம் என்றார். விற்றமின் ஏயோடு பி தொகுதி, கொழுப்பமிலங்கள் ஆகியவற்றின் குறைவும் இதில் சேரும் எனப் பிந்திய இந்திய ஆய்வுகள் கருதின. இது பரம்பரை நோயன்று. சாப்பாடு சீரானால் ஆறும்.

கண்ணுக்கு ஃபிரினோடெர்மாவும் பரம்பரைத் தோல்நோய்களும் ஒரே சொரசொரப்பாகத் தெரிந்ததால், பரம்பரை நோயும் ஊட்டக்குறைவே என்ற எண்ணம் பரவியது. டேரியர் நோய் என்னும் பரம்பரைத் தோல்நோயை 1941இல் நியூயோர்க் வைத்தியர்கள் விற்றமின் ஏ குறைவு நோயென்றே எழுதினர். அதற்குக் காரணமான மரபணு 1999இல்தான் பிடிபட்டது. இடைப்பட்ட காலத்தில் நோயாளிகளுக்கு விற்றமின் ஏ பெருமளவில் கொடுக்கப்பட்டது. செதில் ஓரளவு குறைந்தது. ஆனால் அளவு மிஞ்சிய விற்றமின் ஏ ஈரலையும் எலும்பையும் கெடுக்கும். அதன் அமைப்பைத் தழுவிச் செயற்கையாக உருவாக்கிய ரெட்டினொயிட் மருந்துகள் 1970களில் வந்தன. 1976இல் அமெரிக்காவில் கெரி பெக் குழுவினர் கடும் மீன்செதில் நோயில் நல்ல பலன் கண்டனர். இன்று வழங்கும் அசிட்ரெட்டின் அந்த வழியில் வந்ததே. வயிற்றுப் பிள்ளையை அது ஊனமாக்கும். நிறுத்திய பின்னும் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது. கலியாண வயதுப் பெண்ணுக்கு இது லேசான நிபந்தனையல்ல.

அடுத்த திருப்பம் டெல்லியில் நிகழ்ந்தது. தடித்த செதில், கருமையான நிறம், வியர்க்க முடியாததால் வெயிலுக்கு ஒதுங்கும் வாழ்க்கை எல்லாம் சேர்ந்து மீன்செதில் நோயுள்ள பிள்ளைகளின் உடலில் விற்றமின் டி உருவாவதைத் தடுக்கின்றன. சிலருக்குக் கால் எலும்பு வளைகிறது. எய்ம்ஸ் மருத்துவமனையில் கோமதி சேதுராமன் குழுவினர், விற்றமின் டி கடுமையாகக் குறைந்த ஏழு பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60,000 அலகு வீதம் பத்து நாள் வாயால் கொடுத்து, பின்னர் வழமையான சிறு அளவுக்கு இறக்கினர். எலும்பைத் தேற்றக் கொடுத்த மருந்தில் செதிலும் உதிர்ந்தது. ஐந்தாம் நாளிலேயே மாற்றம் தெரிந்தது. இது 2016இல் வெளியானது. பரம்பரைப் பழுதின் மேல் ஊட்டக்குறைவும் ஏறி உட்கார்ந்திருந்ததை இம்முடிவு காட்டியது. சண்டிகரில் பின்னர் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் விற்றமின் டியும் அசிட்ரெட்டினும் ஏறத்தாழச் சமமான பலன் தந்தன.

மரபணுப் பழுது விற்றமினால் மாறாது. தினமும் எண்ணெயோ களிம்போ பூசுவதை நிறுத்தவும் முடியாது. 60,000 அலகு என்பது வீட்டார் தாமாக வாங்கிக் கொடுக்கும் அளவுமல்ல. மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். முதலில் வைத்தியசாலையில் விற்றமின் டி அளவையும் கல்சியத்தையும் பரிசோதித்த பிறகே அளவு தீர்மானிக்கப்படுகிறது.