பந்தய மாதிரி விமானம்: நைட்ரோவா, மின்சாரமா?

1947-இல் அமெரிக்கர் ரே ஆர்டன் 'குளோ பிளக்'கை அறிமுகப்படுத்தினார். அதன் பிளாட்டினக் கம்பி மெத்தனால் ஆவியின் வினையால் தணலாகவே இருக்கும், மின்பொறி வேண்டியதில்லை. எரிபொருளில் நைட்ரோமீத்தேன் கலந்தால் திறன் மேலும் பெருகும்.

1957 ஜூன் 30-இல் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின், வானொலி அலையால் கட்டுப்படுத்தப்பட்ட 'ரேடியோ குவீன்' மாதிரியை மின்மோட்டாரால் பறக்கவிட்டார். ஆயினும் பந்தயத்தில் எஞ்சினே கோலோச்சியது. காரணம், மின்கலத்தின் எடை. ஒரு கிலோ மெத்தனாலில் சுமார் 20 மெகாஜூல் ஆற்றல் உண்டு. இன்றைய லிதியம் பாலிமர் மின்கலத்தில்கூட ஒரு மெகாஜூலுக்கும் குறைவே!

பின் மின்சாரம் எப்படிப் போட்டியிடுகிறது? பந்தயம் ஓரிரு நிமிடமே. அங்கே வேண்டுவது சேமித்த ஆற்றலின் அளவு அன்று. அதை வெளியிடும் வேகம். லிதியம் மின்கலமும் தூரிகையற்ற மோட்டாரும் அதைத் தருகின்றன. நெடுநேரம் பறக்க எரிபொருள். குறுகிய பாய்ச்சலுக்கு மின்கலம். பறக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் விடை தானே கிடைக்கும்.