வரிசையில் நின்ற இணையம்

1986ஆம் ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதிலிருந்து 400 கெஜத் தொலைவில் இருந்த பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான கணினி இணைப்பு, நொடிக்கு 32,000 பிட் என்ற வேகத்திலிருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. இணையத்தில் செல்லும் எதுவும் பொட்டலம் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. உரிய நேரத்தில் சேராத பொட்டலங்களைத் தொலைந்தவையாகக் கருதிக் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பியதால், பலருக்கும் பொதுவான அந்தப் பாதையை நகல்களே அடைத்துக்கொண்டன. வீட்டில் ஒருவர் படங்களைப் பதிவேற்றத் தொடங்கியதும் மற்றவருடைய காணொலி அழைப்பு திக்கித் திணறுகிறதே, அந்தத் தொல்லையின் வரலாற்றை இந்தச் சரிவிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

சரிவை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் இருவரும் 1988இல் வெளியிட்ட தீர்வின்படி, அனுப்பும் கணினி தன் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும். பொட்டலம் ஒன்று தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று புரிந்துகொண்டு உடனே குறைத்துக்கொள்ளும். இதனால் பொட்டலம் தொலைவது ஒரு குறையாக இல்லாமல், அனுப்புபவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கையாக மாறியது. இதற்கு முன்பே, 1985இல், ஜான் நேகிள் என்பவர் எல்லையற்ற நினைவகம் கொண்ட ஒரு கருவியைக் கற்பனை செய்து, அளவுக்கு மீறிய சுமை வந்தால் அதுவும் தோற்றுப்போகும் என்றும், வரிசையில் காத்திருந்தே பொட்டலங்கள் தம் ஆயுளை முடித்துக்கொள்ளும் என்றும் காட்டியிருந்தார்.

நினைவகத்தின் விலை வீழ்ந்தபோது கருவி செய்தவர்கள் இந்தப் பாடத்தைப் பொருட்படுத்தவில்லை. ஒரு பொட்டலமும் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு, வீட்டு இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ரூட்டர்களிலும் மோடம்களிலும் பஃபர் எனப்படும் தற்காலிகச் சேமிப்பிடத்தைத் தாராளமாக வைத்தனர். நொடிக்கு 10 லட்சம் பிட் பதிவேற்ற வேகமுள்ள இணைப்பில் 256 கிலோபைட் பஃபர் நிரம்பிவிட்டால், அதன் கடைசியில் சேரும் பொட்டலம் வெளியேற ஏறத்தாழ 2 நொடி ஆகும். எச்சரிக்கை தாமதமாகவே வருவதால் அனுப்பும் கணினி வேகத்தைக் குறைப்பதில்லை; வரிசையும் கரைவதில்லை. எக்ஸ் விண்டோ மென்பொருளை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜிம் கெட்டிஸ், 2010இல் தம் வீட்டு இணைப்பிலேயே இந்தத் தாமதத்தைக் கண்டு, காரணத்தைத் துருவி ஆராய்ந்து, பஃபர்புளோட் என்று அதற்குப் பெயரும் வைத்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேக்கப்சனும் உருவாக்கிய கோடெல் என்னும் முறை, வரிசையின் நீளத்தைப் பாராமல் பொட்டலம் காத்திருந்த நேரத்தைப் பார்க்கிறது. அந்த நேரம் 100 மில்லிநொடி வரை தொடர்ந்து 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்காவிட்டால் பொட்டலங்களை வேண்டுமென்றே கைவிடத் தொடங்குகிறது. லினக்ஸ் இயங்குதளம் அந்த ஆண்டே இதை ஏற்றுக்கொண்டது.

வைஃபை கொண்டுவந்த சிக்கல் வேறு வகை. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். 1997இல் வெளியான முதல் தரநிலை எல்லாக் கருவிகளுக்கும் பேசும் வாய்ப்பைச் சமமாக வழங்கியதே தவிர, பேசும் நேரத்தைப் பங்கிடவில்லை. தொலைவில் இருப்பதால் மெதுவாகப் பேசும் கருவி ஒரே பொட்டலத்துக்குப் பல மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்ள, அருகிலிருக்கும் விரைவான கருவிகளும் அதன் வேகத்துக்கே இறங்கிவிடுகின்றன என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003இல் விளக்கினர். ஆளுக்கொரு பொட்டலம் என்ற ஏற்பாட்டை ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று மாற்றும் வழி லினக்ஸுக்காக எழுதப்பட்டு 2017இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. சமத்துவத்தின் அளவுகோலைத் திருத்த இத்தனை ஆண்டுகள் பிடித்தது வியப்புக்குரியதே.

பழுதைக் கண்டறியும் கருவியோ இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய பிங் என்னும் சிறு நிரல், ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. இணைப்பு ஓய்ந்திருக்கும்போது ஒருமுறையும், பெரிய கோப்பொன்று பதிவேறிக்கொண்டிருக்கும்போது மறுமுறையும் அதை இயக்கிப் பார்க்க, இரண்டாம் அளவு பன்மடங்கு உயர்ந்திருந்தால் குற்றம் வரிசையில்தான் இருக்கிறது; கம்பிவழி இணைத்ததும் தாமதம் மறைந்தால் அது வைஃபையின் குற்றம். அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுவது இந்த இரண்டாவதற்கு மருந்தாவதில்லை.